ஊசி போட்ட ஊர்கள்

பட்டாபிராமுக்கு யாரும் ஊர் பார்க்க வருவதில்லை. ராணுவக் கிடங்குக்குப் பிரிந்து போகும் தண்டவாளம், இந்துக் கல்லூரி, 2024 நவம்பரில் திறந்த டைடல் பார்க், சி.டி.எச். சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கும் லாரிகள். ஊரைச் சொல்லி முடிக்க இவ்வளவு போதும். நான் போனதும் ஊர் பார்க்க அல்ல, ஒருவரைப் பார்க்க. ஆவடியில் முன்பு இருந்த தொழுநோய் ஆராய்ச்சிக் களப்பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெற்று, பட்டாபிராமில் வீடு கட்டிக்கொண்டு இருப்பவர். "பேர் மட்டும் போடாதீங்க சார்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இந்தக் கட்டுரையிலும் அவர் 'சார்'தான்.

வெப்பமண்டல நோய்கள் பற்றிய ஆராய்ச்சி என்றால் நம் மனத்தில் வருவது லண்டனோ ஜெனீவாவோ. ஆனால் மருத்துவம் படிப்பவர்கள் பாடப்புத்தகத்தில் படிக்கும் சில முடிவுகளுக்கான ரத்தமும் சளியும் இந்தத் திருவள்ளூர் ரயில் தடத்தை ஒட்டிய ஊர்களில் எடுக்கப்பட்டவை. அந்த ஊர்களையும், மாதிரிகள் போய்ச் சேர்ந்த லேபுகளையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டும் என்று ஆசை. சாரும் வருகிறேன் என்றார். அவருக்கு வீட்டில் இருந்தால் போரடிக்கிறதாம்.

காலை ரயில் பிடித்து முதலில் மேற்கே போனோம். நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர், திருவள்ளூர். 1856இல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை போன தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலும் இந்த வழியாகத்தான் போனது. இப்போது ஜன்னல் ஓரம் முழுக்க பிளாட் போட்ட நிலம். நடுநடுவே மிச்சம் இருக்கும் ஏரி. "நான் சேர்ந்தப்போ வேப்பம்பட்டு தாண்டினா வயல்தான். ஜீப்பு போகாத ஊருக்கு சைக்கிள். சைக்கிளும் போகாதுன்னா நடை" என்றார் சார்.

திருவள்ளூரில் இறங்கி, டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். கிராமத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கிருப்பவர்களின் உடம்பைப் பற்றிப் பேசப் போகிறேன், அதனால்.

டீக்கடைக்குப் பக்கத்துத் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். சாரைப் பார்த்ததும், "நீங்க அந்த ஊசிக்கார சார்தானே? தலையெல்லாம் நரைச்சிடுச்சே" என்றார். பேச்சு ஊசியைப் பற்றித் திரும்பியது. அவருக்கு நினைவில் இருந்த ஊசி சார் காலத்து ஊசி அல்ல, அதற்கும் முந்தையது. சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு கூட்டமே வந்து வீடு வீடாகப் பெயர் எழுதியதாம். எக்ஸ்ரே வண்டி வந்ததாம். கையில் ஊசி போட்டு, சில நாள் கழித்து வந்து ஸ்கேல் வைத்து அளந்தார்களாம். ரவிக்கைக் கையைச் சற்று மேலே தள்ளித் தழும்பைக் காட்டினார். "எனக்கு இருக்கு. என் தங்கச்சிக்கும் அன்னிக்கேதான் போட்டாங்க, அவளுக்குத் தழும்பே இல்ல. அவளுக்கு மட்டும் ஏன் சார் இல்ல?"

இந்தக் கேள்விக்கான பதிலில் ஓர் ஆராய்ச்சியின் முழு அமைப்பும் இருக்கிறது.

1968இல் இருந்து 1971 வரை அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இந்த ஊர்களையும் சேர்த்து 209 கிராமங்களிலும் சில சிறு நகரங்களிலும் நடந்தது அந்த பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசிச் சோதனை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் கூட்டு. ஏறத்தாழ 3.6 லட்சம் பேரைப் பதிவு செய்தார்கள். குழந்தை முதல் கிழவர் வரை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி. சிலருக்குத் தடுப்பு மருந்து, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. புட்டியில் குறியீட்டு எண் மட்டும் இருக்கும். மருந்திலும் இரண்டு வகை: டென்மார்க்கில் இருந்து வந்த பி.சி.ஜி. ரகம் ஒன்று, பிரான்ஸ் ரகம் ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு அளவு. பிறகு இரண்டரை வருடத்துக்கு ஒரு முறை திரும்பி வந்து எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. பதினைந்து வருடம் விடாமல் தொடர்ந்தார்கள்.

அந்த அம்மாவின் தங்கைக்குப் போட்டது வெறும் திரவமாக இருந்திருக்கலாம். சார் அதைச் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டு, "சரி, அந்த ஊசி வேலை செஞ்சுதா?" என்று கேட்டார்.

வேலை செய்யவில்லை. ஏழரை வருடக் கணக்கு 1979இல் வெளியானபோது உலகமே அதிர்ந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை. 1999இல் வெளியான பதினைந்து வருட முடிவும் அதையே சொன்னது. குழந்தைகளிடம் மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது. இந்த மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள வேறு மைக்கோபாக்டீரியாக் கிருமிகளோடு மக்களின் உடம்பு முன்பே பழகிவிட்டதால் ஊசிக்குப் புதிதாகச் செய்ய ஒன்றும் இல்லை என்பது பரவலாக ஏற்கப்பட்ட ஒரு விளக்கம். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைக் காசநோயைத் தடுக்கிறது என்பதால் பிறந்த குழந்தைக்கு அந்த ஊசி இன்றும் தொடர்கிறது.

தோற்ற சோதனை என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உலகில் கோடிக்கணக்கானோருக்குப் போடப்படும் ஒரு மருந்தைப் பற்றி, போட்டவர்களே விரும்பாத ஒரு முடிவை, மழுப்பாமல் வெளியிட்டார்கள். அதற்கு நெஞ்சுரம் வேண்டும். என் குறை வேறு. ஜெனீவாவில் தெரிந்தது, லண்டனில் தெரிந்தது, கை நீட்டிய அம்மாவுக்கு ஐம்பது வருடம் கழித்து ஒரு டீக்கடைத் திண்ணையில்தான் தெரிகிறது. "அதை யாரும் எங்களுக்குச் சொல்லலியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் உறுத்தியது.

திரும்பி வரும் ரயிலில் சார் தன் காலத்துக் கதைக்கு வந்தார். ஆவடியில் இருந்தது ஆக்ராவின் ஜால்மா தொழுநோய் நிலையத்தின் களப்பிரிவு. காசநோய்க்காகப் பதிவு செய்த அதே மக்களிடம், அதே ஊசி தொழுநோயைத் தடுக்கிறதா என்றும் பார்த்தார்கள். ஓரளவு தடுத்தது. அந்த அனுபவத்தின் மேல்தான் 1991இல் ஆவடிப் பிரிவு எம்.டி. குப்தேயின் தலைமையில் தொழுநோய்த் தடுப்பூசிச் சோதனையைத் தொடங்கியது. சுமார் 1.7 லட்சம் பேர்.

தொழுநோய்க் கிருமியை லேப் தட்டில் வளர்க்க முடியாது. இன்று வரை யாரும் வளர்த்ததில்லை. அர்மடில்லோ என்று அமெரிக்காவில் ஒரு விலங்கு, முதுகெல்லாம் ஓடு. அதன் உடம்பில் அது வளரும். அப்படி வளர்த்துக் கொன்ற கிருமியை பி.சி.ஜி.யோடு கலந்தது ஒரு தடுப்பூசி. பம்பாய்ப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் தந்த ஐ.சி.ஆர்.சி. இன்னொன்று. விஞ்ஞானி ஜி.பி. தல்வாரின் குழு தந்த எம்.டபிள்யூ. மூன்றாவது. தனி பி.சி.ஜி. நான்காவது. மருந்தில்லாத உப்பு நீர் ஐந்தாவது. எங்கோ ஒரு காட்டு விலங்கின் மண்ணீரலில் இருந்து வந்த சரக்கு திருவள்ளூர்ப் பக்கத்துக் குடிசையில் ஒருவரின் தோளில் ஏறியிருக்கிறது. சர்வதேச ஆராய்ச்சிக் கூட்டு என்று பெரிய வார்த்தைகளில் சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

சாரின் வேலை ஊசி போடுவதோடு முடியவில்லை. உடம்பு முழுவதும் பார்க்க வேண்டும். "வெயில் வெளிச்சத்துலதான் பார்க்கணும் சார். டியூப் லைட்டுல தேமல் எது, தொழுநோய்ப் படை எதுன்னு ஏமாந்துடுவோம்." பெண்களைப் பார்க்கப் பெண் ஊழியர்கள், வீட்டுக்குள்ளே. படை தெரிந்தால் கண்ணை மூடச் சொல்லி, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வார்கள். காட்டத் தெரியவில்லை என்றால் அங்கே உணர்ச்சி போய்விட்டது என்று அர்த்தம். காது மடலை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, ரத்தம் வராதபடி பிளேடு நுனியால் கீறி, அந்த ஈரத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவுவார்கள். அதை அவர் ரயிலிலேயே தன் காதைப் பிடித்து நடித்துக் காட்டினார். எதிரில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் இயர்போனைக் கழற்றிவிட்டுப் பார்க்க ஆரம்பித்தான்.

1998இல் வந்த முடிவில் ஐ.சி.ஆர்.சி. 65 சதவீதத்துக்குச் சற்று மேலும், பி.சி.ஜி.யோடு கொன்ற கிருமி 64 சதவீதமும் பாதுகாப்புத் தந்தன. பி.சி.ஜி. மட்டும் 34. எம்.டபிள்யூ. 26க்குச் சற்றுக் குறைவு. நல்ல முடிவுதான். ஆனால் அதற்குள் எம்.டி.டி. என்ற கூட்டு மருந்துச் சிகிச்சை ஊரெங்கும் வந்து, நோயாளிகளின் எண்ணிக்கை சரிந்துவிட்டது; நாடு தழுவிய தடுப்பூசித் திட்டத்துக்கு அவசரம் போய்விட்டது. சார் இதைச் சொல்லும்போது வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. "நோய் குறைஞ்சதே, அது போதாதா?"

ஆவடியில் இறங்கி பழைய இடத்தைப் பார்த்துவிட்டு, ஷேர் ஆட்டோவும் தனி ஆட்டோவுமாக மாறி மாறி அயப்பாக்கம் போனோம். ஹவுசிங் போர்டு குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கிறது தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், என்.ஐ.ஈ. 1999 ஜூலையில் ஆவடிக் களப்பிரிவையும், சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிலையத்தையும் இணைத்து உருவாக்கினார்கள். அந்தத் திருமணம் எனக்கு மிகவும் பிடித்தது. கிராமத்தில் கால் தேய்ந்தவர்களையும் கணக்கில் கண் தேய்ந்தவர்களையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்களே. உள்ளே போக நான் அனுமதி கேட்கவில்லை, வாசலோடு சரி. பக்கத்துக் கடையில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே சார் சொன்னதும், நான் முன்பே படித்து வைத்திருந்ததும் சேர்ந்து வளர்ந்தது பேச்சு.

சென்னையில் 2011இல் என்.ஐ.ஈ. ரத்த மாதிரி எடுத்து, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்த ஆய்வில், 93 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது டெங்கு வந்து போயிருந்தது தெரிந்தது. டெங்கு என்று ஆஸ்பத்திரிக் கணக்கில் ஏறியவர்களோ சொற்பம். மிச்சப் பேர் 'வைரல் ஃபீவர்' என்று கசாயம் குடித்துவிட்டு வேலைக்குப் போனவர்கள். 2017-18இல் அதையே நாடு முழுவதும் செய்தார்கள்: 15 மாநிலங்கள், 12,300 பேர். பாதிப் பேருக்கு டெங்கு வந்திருந்தது. தென் மாநிலங்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல்.

உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் மழைக்காலம் தோறும் குழந்தைகள் மூளைக்காய்ச்சலால் இறந்துகொண்டிருந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே பல காலம் நம்பினார்கள். அதற்குத் தடுப்பூசி போட்ட பிறகும் சாவு நிற்கவில்லை. அயப்பாக்கத்துக்காரர்கள் அங்குள்ள மருத்துவக் கல்லூரியோடும் வேறு நிலையங்களோடும் சேர்ந்து தேடியதில், 2015-16இல் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஸ்க்ரப் டைஃபஸ் தெரிந்தது. புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி கடித்து வரும் காய்ச்சல். டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை, காய்ச்சல் தொடங்கியதுமே கொடுத்தால் போதும். வேலூர், சென்னைப் பக்கத்து மருத்துவர்களுக்கு இந்தக் காய்ச்சல் பழக்கமானது. அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் புண்ணைத் தேடுவார்கள். தெற்கில் பழகிய கண் வடக்கில் உதவியது என்று சொன்னால் அது வெறும் பெருமை அல்ல.

பிறகு கொரோனா. 2020 மே, ஜூனில் முதல் நாடு தழுவிய ரத்தக் கணக்கெடுப்பு: 70 மாவட்டங்கள், 28,000 பேர். நூற்றுக்கு ஒருவருக்குக்கூட அப்போது தொற்று வந்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூன், ஜூலையில் எடுத்தபோது மூன்றில் இரண்டு பங்கினரின் ரத்தத்தில், தொற்றாலோ தடுப்பூசியாலோ, எதிர்ப்புச் சக்தி தெரிந்தது. இப்படி ஒரு கணக்கை ஒரே மாதத்தில் எடுக்க, மாவட்டம் தோறும் வீடு வீடாகப் போகத் தெரிந்த ஆள் வேண்டும். அந்தப் பயிற்சி திடீரென்று வராது. பூந்தமல்லியில் உள்ள அரசுப் பொதுச் சுகாதார நிலையத்தில் பயிற்சி பெற்ற சுகாதார ஆய்வாளர்களையும் கிராமச் செவிலியர்களையும் விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலில் அவர்கள் பெயர் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் சேத்துப்பட்டு. சென்ட்ரலில் இறங்கி, சாலையைக் கடந்து பூங்கா ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறினால் எழும்பூர், அடுத்தது சேத்துப்பட்டு. எல்லாவற்றுக்கும் தாய் வீடு அங்கேதான். இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்று பெயர். 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கியபோது ஐந்து வருடத் திட்டம்தான். சென்னை மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று நான்கு பேர் கூட்டு. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பொறுப்பு. அன்று காசநோய் என்றால் சானடோரியம், சுத்தமான காற்று, முட்டை, பால், மாதக்கணக்கில் படுக்கை. இவ்வளவுக்கும் வசதி இல்லாத சென்னைச் சேரி மக்களுக்கு என்ன வழி என்பதே கேள்வி. 193 நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதி வீட்டிலேயே, ஒற்றை அறையில், அரைவயிற்றுச் சோற்றோடு, அதே ஐசோனியசிட், பி.ஏ.எஸ். மாத்திரைகள். ஒரு வருடம் கழித்து சானடோரியத்தில் 92 சதவீதம் பேர் தேறினார்கள். வீட்டில் 86. கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959இல் இது வெளியான பிறகு உலகம் முழுவதும் சானடோரியங்கள் மெல்ல மூடின.

இதில் லேபின் பங்கு பெரிது. மாத்திரை சாப்பிட்டேன் என்று சொல்பவர் உண்மையில் சாப்பிட்டாரா என்று அறிய, சொல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் எடுத்துப் பார்த்தார்கள். சளியில் உள்ள கிருமியை வளர்க்க லோவன்ஸ்டீன்-ஜென்சன் என்றொரு கலவை. அதற்கு முக்கியச் சரக்கு கோழிமுட்டை. வேறோர் ஊர் டிபி லேபில் அதைப் பார்த்திருக்கிறேன். மாலக்கைட் பச்சை கலந்த முட்டைக் கலவையைச் சாய்த்துக் கெட்டிப்படுத்திய குழாய்கள், பாசிப்பச்சை நிறத்தில் வரிசையாக. ஆறு வாரம், எட்டு வாரம் காத்திருந்தால் அந்தப் பச்சையின் மேல் ரொட்டித்தூள் உதிர்ந்த மாதிரி வெளிர் மஞ்சளில் கிருமி முளைக்கும். கரண்ட் போனால், சூடு குறைந்தால், மூடி சரியில்லாவிட்டால் இரண்டு மாத உழைப்பு வீண். இதை 1950களில் சென்னையிலேயே நம் ஆட்கள் செய்தார்கள். அதுதான் முக்கியம். ஐந்து வருடத் திட்டம் முடிந்தபோது நிலையம் நின்றுவிடவில்லை. 1964இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிரந்தர நிலையமாயிற்று. அந்தக் குழுவில் இருந்த புள்ளியியலாளர் எஸ். ராதாகிருஷ்ணா பின்னாளில் சென்னைப் புள்ளியியல் நிலையத்தின் இயக்குநரானார். அயப்பாக்கத்தில் பிறகு வந்து இணைந்தது அதே நிலையம்தான்.

2000களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களின் தொற்றுநோய்ப் பிரிவு மாலி, உகாண்டா, இந்தியா என்று நாடு நாடாகக் கூட்டு ஆய்வகங்களைத் தொடங்கியபோது, இந்தியாவில் அது வந்து சேர்ந்தது இந்தச் சேத்துப்பட்டு வளாகத்துக்குத்தான். யானைக்கால் நோய் ஆராய்ச்சியில் பேர் பெற்ற தாமஸ் நட்மன் அந்தப் பக்கம், சுபாஷ் பாபு இந்தப் பக்கம். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி இந்த ஊரில் இயல்பாக எழக்கூடியது: ஒரே உடம்பில் காசநோய்க் கிருமியும் புழுவும் சேர்ந்து குடியிருந்தால் என்ன ஆகும்? யானைக்கால் புழுவோ கொக்கிப்புழுவோ உள்ளவர்களிடம் காசநோய்க் கிருமியை எதிர்க்கும் ரத்த அணுக்களின் வேகம் மட்டுப்படுகிறது, புழுவுக்கு மருந்து கொடுத்தால் அது மீள்கிறது என்று கண்டார்கள். பள்ளியில் பிள்ளைக்குக் கொடுக்கும் பூச்சி மாத்திரையைத் தூக்கிப் போடுகிற பெற்றோர் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் தோலை ஒட்டிய ரத்தத்துக்கு வரும். கொசு கடிக்கிற நேரம் பார்த்து. அதனால் கள ஊழியர்கள் இரவு எட்டரைக்கு மேல்தான் தெருவுக்கு வருவார்கள். சாப்பிட்டுப் படுத்தவரை எழுப்பி விரல் நுனியில் குத்தினால் திட்டு வாங்காமல் இருக்க முடியுமா? "நான் அந்த வேலை பார்க்கல, பார்த்தவங்க சொல்லுவாங்க. நாய்க்கடிதான் அதிகம்" என்றார் சார்.

ஆய்வகக் கூட்டு என்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது, குளிர்பெட்டியில் மாதிரியை விமானம் ஏற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தத் தடத்தில் பார்த்ததை வைத்துச் சொன்னால், மாதிரி வெகுதூரம் போகாத இடத்தில்தான் கூட்டு நிலைத்தது. பணமும் யோசனையும் வெளியில் இருந்து வரட்டும், தப்பில்லை. லேப் இங்கே இருக்க வேண்டும். அதை நடத்துபவர் அடுத்த வாரமும் அதே கிராமத்துக்குப் போகிறவராக இருக்க வேண்டும். சேத்துப்பட்டும் ஆவடியும் அதைச் செய்தன. செய்யாமல் விட்டது, முடிவைக் கொண்டுபோய்த் திண்ணையில் சொல்வது. இதை நான் கேட்டபோது சார் வெகுநேரம் யோசித்துவிட்டு, "எங்களுக்கே பேப்பர்ல பார்த்துதான் தெரியும்" என்றார்.

ஆராய்ச்சிக்கு ஆட்படுவோரின் உரிமை பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முதன்முதலில் நெறிமுறை வெளியிட்டது 1980இல், பி.சி.ஜி. ஊசி போட்டு முடித்து ஒன்பது வருடம் கழித்து. இன்று நடப்பில் இருப்பது 2017இன் விதிமுறை. அதன்படி உங்கள் வீட்டுக்கு யாராவது வந்து ரத்தமோ சளியோ கேட்டால், எதற்கு என்று உங்களுக்குப் புரியும் மொழியில், தமிழில், எழுத்தில் தர வேண்டும். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பாதியில் விலகவும் உண்டு. கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். இந்த ஊர்க்காரர்கள் கொடுத்ததால்தான் உலகத்துக்கே சில விஷயம் தெரிந்தது. கொடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: என் பரிசோதனை முடிவு எப்போது வரும்? எல்லாம் முடிந்த பிறகு கண்டுபிடித்ததை எங்கள் ஊரில் வந்து சொல்வீர்களா? கிராம சபைக் கூட்டம் வருடத்துக்குச் சில முறை நடக்கிறது. அங்கே பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.